முரசுமோட்டையின் இரத்தம்

கிளாஸ்கோ
18.01.1998

இஞ்சாருங்கோ,

ஐப்பசியில் நீங்கள் போட்ட கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. உறையை யாரோ உடைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். பார்த்தவருக்கு நல்ல பொழுதுபோக்காக இருந்திருக்கும். நீங்கள் சுகம், பம்ப் திருத்தும் கொட்டிலுக்குப் புதுக் கிடுகு போட்டாயிற்று, இந்த இரண்டு சேதியைத் தவிர மிச்சம் முழுவதும் என்மேல் குற்றப்பத்திரிகைதான்.

"அங்கே என்னதான் செய்கிறீர்? கொட்டிலுக்கு வாற சனம் கேட்குது, எனக்குச் சொல்லத் தெரியேல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டது நல்லது. கலியாணம் முடித்து ஒரு வருசத்தில் மனுசியை மேற்படிப்புக்கு அனுப்பிவிட்டு இருக்கிற மனுசனுக்கு அதையாவது நான் விளங்கப்படுத்த வேண்டும்.

எங்கள் உடம்பில் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஒரு குசினி இருக்கிறது என்று வையுங்கோ. மரபணுவில் எழுதிக் கிடப்பதைப் படித்துப் படித்து அங்கே புரதம் சமைக்கிறார்கள். புத்தகத்தில் இந்த வேலைக்கு மொழிபெயர்ப்பு என்று பேர். அந்தச் சமையலுக்கு ஒத்தாசை செய்துகொண்டு திரிகிற ஒருவன் இருக்கிறான். அவனும் ஒரு புரதம்தான். கலத்துக்குச் சாப்பாடு தட்டுப்பாடானால் அவன் உடம்பில் பொசுபேற்று என்கிற சின்ன இரசாயனத் துண்டு ஒன்று வந்து ஒட்டும், நெற்றியில் பொட்டு வைத்த மாதிரி. பொட்டு ஏறியதும் அவன் அடுப்பை அணைக்கப் பண்ணிவிடுவான். பஞ்சத்தில் இருக்கிறதை வைத்துக் கலம் சமாளிக்கும்.

எனக்கு அந்தப் பொட்டு வைத்தவன் மட்டும் வேண்டும். ஆயிரக்கணக்கான புரதங்களுக்குள் அவனைக் கண்ணால் காண முடியாது. ஆளைக் காட்டித்தர ஒரு தலையாட்டி தேவை. வவுனியாவில் சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு வந்து, வரிசையில் நிற்கிற சனத்தில் "இவன்தான்" என்று தலையாட்டுவானே, அப்படி ஒருவன். அவனை நாங்கள் முயலுக்குள் உண்டாக்குகிறோம். அந்தப் புரதத்தில் பொட்டு இருக்கிற இடத்துத் துண்டை மட்டும் முயலுக்கு ஊசியாகப் போட்டால், "ஆர் இது புதுசாய்?" என்று முயலின் உடம்பு அதைப் பிடிக்கப் பிறபொருளெதிரி செய்யும். முயலின் காது நரம்பில் கொஞ்சம் இரத்தம் எடுத்துத் தெளிய விட்டால் எங்கள் தலையாட்டிகள் அதற்குள் இருப்பார்கள்.

எனக்கு இரண்டு முயல் தந்திருக்கிறார்கள். இங்கே முயலுக்கு இலக்கம்தான் போடுவது. நான் ஒன்றுக்குக் கண்டாவளை என்றும் மற்றதுக்கு முரசுமோட்டை என்றும் பேர் வைத்திருக்கிறேன். பிறந்த ஊரும் வாழ்க்கைப்பட்ட ஊரும். அந்தப் பேர்களை வாய்விட்டுச் சொல்ல எனக்கும் ஒரு சாட்டு வேணும்தானே. கண்டாவளையில் இதுவரை ஒன்றும் பிடிபடவில்லை, சுத்தச் சோம்பேறி. முரசுமோட்டையில் ஆள் அகப்பட்டுவிட்டான் போலத் தெரிகிறது.

இனி முக்கியமான விசயம். உங்கள் விசா நேர்முகம் யூன் கடைசியில், கொழும்பில். அதைத் தவறவிட்டால் திரும்ப விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும், அதற்குள் என் படிப்பே முடிந்துவிடும். எப்படியாவது மே மாதம் வன்னியை விட்டு வெளிக்கிடுங்கோ. உண்மையான புருசன் பெண்சாதிதானா என்று பார்க்கக் கடிதங்கள் கேட்பார்களாம். நான் எழுதியதெல்லாவற்றையும் கொண்டுவாங்கோ, ஒன்றையும் விடாதேங்கோ.

உங்கள்
கமலாசனி


தர்மபுரம்
09.03.1998

கமலாவுக்கு,

முரசுமோட்டையை விட்டு எழும்பி நாங்கள் இங்கே வந்து ஒன்றரை வருசம் ஆகிறது. ஊர் ஆமியின் வேலியோடு பாழாய்க் கிடக்கிறது. அதன் பேரில் ஒரு முயல் கிளாஸ்கோவில் இருந்து கரட் தின்கிறதாம். உமக்கு விசர்தான். வாசித்துவிட்டுக் கன நேரம் தனிய இருந்து சிரித்தேன். பிறகு, அந்தச் சோம்பேறிக்கு என் பேரையாவது வைக்கத் தோன்றவில்லையோ என்று கோபமும் வந்தது.

கொட்டிலுக்கு வாற சனத்துக்கு நீர் எழுதினபடியே சொன்னேன். பம்ப் திருத்த வந்த மாயாண்டியண்ணை முழுவதையும் கேட்டுவிட்டு, "பொட்டு வச்சவன புடிக்க முயலா? ஒங்க சம்சாரம் அங்க படிக்கப் போச்சா, பேயோட்டப் போச்சா தம்பி?" என்கிறார்.

ஆனால் எனக்கு ஒரு கேள்வி வந்து நித்திரையைக் கெடுக்கிறது. முயலுக்குள்ளும் கலம் இருக்கும், குசினி இருக்கும், அடுப்பை அணைக்கிறவனும் இருப்பான். அப்படியென்றால் உமது ஆளை முயல் ஏன் அந்நியன் என்று பிடிக்கிறது? "இவன் எங்கட பெடியன்தானே" என்று விட்டுவிடாதோ? இதற்கு மறுமொழி எழுதாமல் வேறு கதை எழுத வேண்டாம்.

இந்தப் பக்கத்தை விட்டு வெளியே போகப் பாஸ் கிடைத்துவிட்டது. நான் திரும்பி வருவேன் என்று பொறுப்புக்கு அண்ணர் நிற்கிறார். மே மாதம் வெளிக்கிடுவேன். மோட்டார் சைக்கிளுக்கு ஒரு மூடி பெற்றோல் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன், அதில் ஸ்ராட் பண்ணிவிட்டால் மிச்சத் தூரம் மண்ணெண்ணெயில் இழுக்கும்.

இன்னொன்று. நீர் கோபித்தால் எந்தப் புருவம் முதலில் ஏறும் என்று முந்தாநாள் யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை, கமலா. எனக்குப் பயமாகப் போய்விட்டது. ஒரு புதுப் படம் அனுப்பும்.

பஞ்சலிங்கம்


கிளாஸ்கோ
05.04.1998

இஞ்சாருங்கோ,

இதை வவுனியாவுக்குப் போகிற ஒருவரின் கையில் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் வெளிக்கிட முன்னம் வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கேள்வி இந்தத் துறையில் எல்லாருக்கும் உள்ள தலையிடி. நீங்கள் நினைத்தது சரி. அந்தப் புரதம் மனுசனுக்கும் முயலுக்கும் அநேகமாக ஒன்றேதான். அதை முழுசாகப் போட்டால் முயல் கண்டுகொள்ளாது. அதனால் ஒரு சின்னத் துண்டை மட்டும் எடுத்து, கடல்மட்டி ஒன்றின் பெரிய புரதத்தோடு சேர்த்துக் கட்டி ஊசி போடுவோம். மட்டிப் புரதத்தைக் கண்டதும் முயலின் உடம்புக்குக் கோபம் வரும். சண்டியனோடு கூட வந்த பாவத்துக்குச் சின்னவனும் சேர்ந்து பிடிபடுவான். அப்படிச் செய்தாலும் எல்லா முயலும் மசியாது. அதுதான் கண்டாவளை கைவிட்டது. அதற்கு இனி ஊசி இல்லை.

முரசுமோட்டை அப்படியில்லை. கலத்தின் புரதங்களைப் பிரித்து ஒட்டிய தாளில் நேற்று அதன் இரத்தத் தெளிவை விட்டேன். தலையாட்டி ஆளைப் பிடித்தால் விழுகிற வடிவான கறுப்புக் கோடு ஒன்று, சரியாக நான் எதிர்பார்த்த இடத்தில். எனக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் முரசுமோட்டையை யூன் மாதத்தோடு முடிக்கச் சொல்கிறார் பெரியவர். முழு இரத்தத்தையும் ஒரேயடியாக எடுக்க வேண்டுமாம். எனக்கு மனமில்லை. சொன்னால் செய்யத்தானே வேண்டும்.

படம் வைத்திருக்கிறேன். இடது புருவம்.

கமலாசனி


வவுனியா
14.06.1998

கமலாவுக்கு,

நான் உயிரோடு, கை கால் சுகத்தோடு இருக்கிறேன். இதை முதலில் வாசித்துவிட்டு மிச்சத்தை ஆறுதலாக இருந்து வாசியும்.

வன்னியைத் தாண்டி ஆமிப் பக்கம் வந்ததும் பையைக் கொட்டிச் சோதித்தார்கள். கலியாணப் பதிவு, படங்கள், பிறகு உமது கடிதக் கட்டு. சோதித்தவன் அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். ஒரு அதிகாரியும், தமிழிலிருந்து சிங்களத்துக்குச் சொல்ல மீராசாகிபு என்று ஒரு மனுசனும் இருந்தார்கள். மீராசாகிபு சத்தமாக வாசித்தார்: "முரசுமோட்டையை யூன் மாதத்தோடு முடிக்கச் சொல்கிறார் பெரியவர். முழு இரத்தத்தையும் ஒரேயடியாக எடுக்க வேண்டுமாம்." கமலா, என் காதால் கேட்கும்போதுதான் அது எப்படிக் கிடக்கிறதென்று எனக்கே உறைத்தது.

"ஆர் இந்தப் பெரியவர்?" என்றார்கள்.

"பேராசிரியர், ஐயா. என்ர மனுசிக்குப் படிப்பிக்கிறவர்."

"முரசுமோட்டையில அகப்பட்ட ஆள் ஆர்?"

"புரதம், ஐயா."

"அது எந்த இயக்கம்?"

"கண்டாவளைக்கு ஏன் ஊசி நிப்பாட்டினது?" என்றதற்கு, "அது சோம்பேறி முயல், ஐயா" என்றேன். அதிகாரி மேசையில் ஓங்கி அடித்தார். கடிதக் கட்டோடு என்னை இங்கே முகாமில் வேறு சனத்தோடு வைத்துவிட்டார்கள்.

மீராசாகிபுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முல்லைத்தீவுத் தண்ணீரூற்று ஆள். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம் சனத்தை வடக்கை விட்டு வெளிக்கிடச் சொன்னபோது உடுத்த சாரத்தோடு வந்தவராம். அனுப்பினது எங்கள் பக்கம். எந்த முகத்தோடு அவரோடு கதைக்கிறதென்று தெரியாமல் குனிந்துகொண்டிருந்தேன். கடிதம் முழுவதையும் மொழிபெயர்க்க வேண்டுமென்று அவர் வீட்டுக்குக் கொண்டுபோனார். அடுத்த நாள் வந்து பக்கத்தில் இருந்து, "தம்பி, ஊசி போட்டால் அந்த முயலுக்கு நோய் வருத்தம் வராதோ?" என்று மெல்லக் கேட்டார். விசாரணையோ, சும்மா அறியக் கேட்கிறாரோ தெரியாமல் கடல்மட்டிக் கதையைச் சொன்னேன். அவர் திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டு, "இது உண்மைதான். இவ்வளவு பெரிய பொய்யை ஒருத்தரும் மினக்கெட்டுச் சோடிக்க மாட்டினம்" என்றார். ஆனால் அதிகாரிக்கு அத்தாட்சி வேண்டுமாம். முயல்களின் படமும் பேராசிரியரின் கடிதமும் உடனே அனுப்பும். நேர்முகத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் கிடக்கிறது.

நேற்று எங்களை வரிசையில் நிற்பாட்டினார்கள். சாக்கு மூடின ஒருவனைக் கொண்டுவந்தார்கள். நீர் விளையாட்டாக எழுதினீர், நான் அதை நேரில் பார்த்தேன். என் முன்னால் நின்றான், ஓட்டைக்குள்ளால் பார்த்தான், தாண்டிப் போய்ப் பக்கத்தில் நின்ற ரூபனுக்குத் தலையாட்டினான். ரூபன் தையல் வேலை செய்கிற பெடியன். முதல் நாள்தான் என் சேட்டுக்குப் பொத்தான் தைத்துத் தந்தவன். அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ரூபன் உண்மையில் ஆரென்று எனக்குத் தெரியாது. தலையாட்டினவனுக்குத் தெரியுமோ என்பதும் தெரியாது.

இருந்து யோசிக்கத்தானே இங்கே வேலை. உமது தலையாட்டி சரியான ஆளுக்குத்தான் தலையாட்டுகிறது என்று நீர் என்னத்தைக் கொண்டு நம்புகிறீர்?

பஞ்சலிங்கம்


கிளாஸ்கோ
03.07.1998

இஞ்சாருங்கோ,

என்னை மன்னியுங்கோ. கடிதத்தைக் கொண்டுவரச் சொன்னதும் நான், அப்படி எழுதித் தொலைத்ததும் நான். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். புரதம் எந்த இயக்கம் என்ற இடத்தில் அழுகைக்குள் சிரிப்பும் வந்து, பக்கத்துக் கதவுக்குள் நின்ற பெண் பயந்துபோனாள்.

முயல்களின் படம் இத்தோடு இருக்கிறது. காதில் இலக்கம் தெரியும்படி எடுத்திருக்கிறேன். முரசுமோட்டையை முடிப்பதை இதற்காகத்தான் பிற்போட்டிருக்கிறோம். பெரியவரின் கடிதமும் இருக்கிறது. இந்த முயல் ஒரு முயல்தான் என்று உறுதிப்படுத்திக் கையெழுத்து வைப்பது தன் வாழ்நாளில் இதுதான் முதல்தரம் என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, உங்களுக்கு ஏதும் செய்துவிடுவார்களோ என்று கேட்டார்.

நேர்முகம் போய்விட்டது என்று தெரியும். இனி நான் கெதியாக ஆய்வேட்டை முடித்துக்கொண்டு அங்கே வருவதுதான் வழி. அதற்குத்தான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் உங்கள் கேள்வி. கோடு சரியான இடத்தில் விழுந்ததைக் கண்டு நான் நம்பிவிட்டேன். செய்ய வேண்டிய சோதனை இன்னும் ஒன்று இருந்தது, பிறகு செய்யலாம் என்று தள்ளிப் போட்டிருந்தேன். பொட்டை மட்டும் அழித்துவிடுகிற நொதியம் ஒன்று உண்டு. பட்டினி போட்ட கலங்களின் சாற்றை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பொட்டை அழித்தேன். முரசுமோட்டையின் தலையாட்டிகளை இரண்டிலும் விட்டேன். உண்மையான தலையாட்டி என்றால் பொட்டு அழிந்த பாதியில் பேசாமல் இருக்க வேண்டும்.

இரண்டிலும் ஒரேமாதிரிக் கோடு. ஆள் அவன்தான், அதில் பிழையில்லை. ஆனால் பொட்டு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமலே தலையாட்டுகிறது. இவ்வளவு காலமும் பட்டினிக் கலம் என்று நான் காட்டியதில் எது பட்டினி, எது வயிறு நிறைந்தது என்று எனக்கே தெரியாது.

பெரியவருக்கு இன்னும் சொல்லவில்லை. செப்டெம்பரில் ஒரு மாநாட்டில் இதைத்தான் காட்டப் போகிறார். சொன்னால் எல்லாம் முதலிலிருந்து, இன்னும் ஒரு வருசம். சொல்லாவிட்டால் இப்போதைக்கு ஒருவருக்கும் தெரியவராது, நான் தையில் உங்களிடம் வந்துவிடுவேன். அத்தான், எனக்குச் சொல்ல மனம் வருகுதில்லை. நீங்கள் சொல்லுங்கோ, நான் என்ன செய்ய?

கமலாசனி


வவுனியா
21.08.1998

கமலாவுக்கு,

படமும் கடிதமும் வந்தன. அதிகாரி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மீராசாகிபு பேராசிரியரின் கடிதத்தை ஆங்கிலத்தில் வாசித்து, சிங்களத்தில் சொல்லி, எனக்காகத் தமிழிலும் சொன்னார். வாசலில் நின்ற ஆமிக்காரரும் வந்து முயலை எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி முரசுமோட்டையின் காதைத் தொட்டு ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என்னை விட்டுவிட்டார்கள். ஆனால் வவுனியாவை விட்டுப் போகப் பாஸ் இல்லை. கிழமைக்குக் கிழமை தங்குகிற பாஸைப் புதுப்பித்துக்கொண்டு இங்கேயே இருக்க வேண்டும். கொழும்பு என்ற பேச்சே எடுக்க வேண்டாமாம். மீராசாகிபு தன் மருமகன் றிஸ்வியின் கடையில் பம்ப் திருத்த விட்டிருக்கிறார். தண்ணீரூற்றில் தங்கள் கிணற்றில் பம்ப் இப்போதும் கிடக்குமோ என்று ஒருநாள் கேட்டார். தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

ரூபன் திரும்பி வரவில்லை. அவனுடைய தாய் கமலேஸ்வரியக்கா முல்லைத்தீவுப் பக்கமிருந்து எப்படியோ வந்து சேர்ந்து, முகாம் வாசலில் சோற்றுப் பார்சலோடு நிற்கிறா. "ஆர் தம்பி என்ர பிள்ளையைக் காட்டினது? அவனை ஒருக்காக் கேக்க ஏலாதோ?" என்று போற வாற எல்லாரையும் கேட்கிறா.

நீர் கேட்டதற்கு மறுமொழி: போய்ச் சொல்லும். இதில் யோசிக்க என்ன கிடக்கிறது? ரூபனுக்குத் தலையாட்டினவனுக்கு இப்போது "எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை" என்று தோன்றினாலும் அவனை ஒருவரும் கேட்கப்போவதில்லை. உம்மைக் கேட்பார்கள். உமக்கு வாய் இருக்கிறது.

ஒரு வருசம் என்றால் ஒரு வருசம். எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. சுவரில் குத்த வேண்டும் போல வருகிறது. உம்மில் இல்லை. ஆரில் என்றும் தெரியவில்லை.

முரசுமோட்டையை முடித்துவிட்டார்களோ என்று மீராசாகிபு கேட்டு எழுதச் சொன்னார்.

பஞ்சலிங்கம்


வவுனியா
12.12.1998

இஞ்சாருங்கோ,

இந்தக் கடிதத்துக்கு முத்திரை இல்லை. புகையிரத நிலையத்தில் ஒரு மர வாங்கில் இருந்து எழுதுகிறேன். வந்தவர்களின் பேர் பதிகிறார்கள், என் முறை வர இன்னும் நேரம் இருக்கிறது. உங்களுக்கு அறிவிக்காமல் வந்ததற்குக் காரணம் பயம்தான். கொழும்பிலேயே திருப்பிவிட்டால் நீங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே பெரியவரிடம் போனேன். இரண்டு கோடும் விழுந்த படத்தாளைப் பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இரண்டு நாள் என் முகத்தில் முழிக்கவில்லை. மாநாட்டுக்குத் தான் வரவில்லை என்று எழுதிப் போட்டார். பிறகு வந்து, "அந்த இரத்தத்துக்குள்ளே எல்லாரும் ஒரே ஆள் இல்லையே, வடித்துப் பார்" என்றார்.

பொட்டு இல்லாத துண்டுகளை மணிகளில் ஒட்டி ஒரு குழாயில் நிரப்பினோம். இரத்தத் தெளிவை அதற்குள்ளால் விட்டோம். கண்டவன் நின்றவனுக்கெல்லாம் தலையாட்டுகிறவர்கள் அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள். பொட்டைக் கண்டால்தான் தலையாட்டுவேன் என்றவர்கள் மட்டும் கீழே வடிந்து வந்தார்கள். நிறைய வரவில்லை. அதனால்தான் கடைசி இரத்தமும் தேவைப்பட்டது. மீராசாகிபு அண்ணைக்கு நானே சொல்கிறேன், முரசுமோட்டையை ஐப்பசியில் முடித்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். மயக்க ஊசி போட்ட பிறகும் அதன் காதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வடித்ததை வைத்துத் திரும்பச் சோதித்தேன். வயிறு நிறைந்த கலத்தில் ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை. பொட்டை அழித்ததிலும் வெள்ளை. பட்டினி போட்டதில் மட்டும் ஒரு கோடு, மெல்லிசாக, முந்தின கோட்டின் அழகில் பாதிகூட இல்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னும் எவ்வளவோ கேட்க வேண்டிக் கிடக்கிறது. பட்டினி முடிந்து சோறு வந்தால் எத்தனை நேரத்தில் பொட்டு அழியும்? அழியாமலே போகிறவனும் உண்டோ? அடுத்த வருசம் முழுவதும் எனக்கு அதுதான் வேலை.

ஆனால் நத்தார்ப் பண்டிகை விடுமுறை வந்தது. ஒரு வருசத்தைத் தருகிறவள் அந்த விடுமுறையையும் தரத் தேவையில்லை என்று பெரியவரிடம் சொன்னேன். விமான ரிக்கற் எடுத்துவிட்டேன்.

பதிகிற இடத்தில் இருக்கிற பெண் இப்போது என் முன்னால் நின்றவரிடம் "என்ன விசயமாய் வந்தனீங்கள்?" என்று கேட்கிறா. என்னைக் கேட்டால் "என்ர மனுசனைப் பாக்க" என்று மட்டும் சொல்வேன். வேறு ஒரு வார்த்தை கூடச் சொல்ல மாட்டேன், பயப்படாதேங்கோ.

றிஸ்வியின் கடையில் உங்கள் கையில் இதைத் தந்துவிட்டு எதிரில் நிற்பேன். நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கும்போது நான் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவசரப்பட்டு நிமிராதேங்கோ. மூன்று வருசத்துக்கு மேலாகிவிட்டது, என்னை நீங்கள் பார்க்க முன்னம் நான் உங்களை ஒருக்கா வடிவாய்ப் பார்க்க வேணும். தலைமயிர், கழுத்து, கடிதம் பிடித்திருக்கிற கை, எல்லாம்.

பார்த்துவிட்டேன். இப்ப நிமிருங்கோ.